இரண்டு அடி போட்டு விட்டால் போதுமா?

வாசகர் கேள்வி

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு கிராமத்துச் சனசமூக நிலையத்தின் தலைவர் நான். ஓய்வுபெற்ற ஆசிரியர். எங்கள் வாசிகசாலைச் சந்தியில் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு ஏழெட்டுப் பொடியள் கூடுகிறார்கள். மதகில் இருந்து பியர் குடிப்பது, சைலன்சர் கழற்றிய மோட்டார் சைக்கிளில் ஒழுங்கைக்குள் ஓடித்திரிவது, ரியூசன் முடிந்து வரும் பெண் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்வது, இதுதான் அவர்களுக்கு வேலை. இரண்டு முறை 119-க்கு அடித்தோம். முதல் முறை பொலிஸ் வந்து கலைத்துவிட்டுப் போனது. இரண்டாம் முறை மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போய், அறைந்து, இரவு பதினொரு மணி வரை வைத்திருந்து, தாய்மார் போய் அழுதபின் விட்டார்கள். வழக்கு ஒன்றும் இல்லை. நாலாம் நாள் வாசிகசாலைக் கண்ணாடிக்குக் கல் விழுந்தது. பொலிஸ் அவர்களைக் கொண்டுபோய் இன்றைக்குப் பன்னிரண்டு நாள். ஊர் இரண்டுபட்டு நிற்கிறது. "இன்னும் நல்லாப் போட்டிருக்க வேணும்" என்று ஒரு பக்கம். "பொலிஸைக் கூப்பிட்டதே பிழை" என்று மறுபக்கம். லண்டனில் இருக்கும் மருமகன், அங்கே என்றால் பொலிஸ் ஒரு துண்டு எழுதிக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கும் என்கிறான். இப்படியான சின்ன விடயங்களில் பொலிஸ் என்னதான் செய்ய வேண்டும்? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

சட்டத்தரணியின் பதில்

அன்புள்ள மாஸ்ரர்,

ஊர் இரண்டுபட்டு நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்றால் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் தெரிகிறது. இந்த விடயம் எழுத்தில் வருவதில் ஒருவருக்கும் விருப்பமில்லை. நல்லாப் போட்டிருக்க வேணும் என்பவர் வழக்குப் போடச் சொல்லவில்லை. கூப்பிட்டது பிழை என்பவரும், ஊர்ப் பிள்ளையின் பெயர் பொலிஸ் புத்தகத்தில் விழுந்துவிட்டதோ என்றுதான் பயப்படுகிறார். பொலிஸுக்கும் இது வசதி. எழுதினால் நாலு நாள் வேலை. அறைந்து விட்டால் பதினொரு மணியோடு முடிந்தது.

யாழ்ப்பாணம், மல்லாகம், சாவகச்சேரி என்று நீதவான் நீதிமன்றங்களில் இருபது வருடத்துக்கு மேல் நின்றுவிட்டேன். பொலிஸ் நிலைய வாசலில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒரு தாயுடையதாகத்தான் இருக்கும்: "ஐயா, ரண்டு அடி போட்டு விடுங்கோ, வழக்கு மட்டும் வேண்டாம். பொடியன் வெளியில போக இருக்கிறான்." இந்தப் பேச்சை விளங்கிக்கொள்ளாமல் யாழ்ப்பாணத்தில் சிறு குற்றங்களைப் பற்றிப் பேச முடியாது. கனடாவோ பிரான்ஸோ கட்டாரோ, எங்கே போவதானாலும் பொலிஸ் ரிப்போட் வேண்டும். அதில் ஒரு கறை விழுந்தால் காணி ஈடுவைத்துக் கட்டிய காசு போய்விடும் என்று வீட்டில் எல்லோருக்கும் நடுக்கம். அதனால் அடி மலிவாகத் தெரிகிறது. அடிக்கிறவருக்கும், அடி வாங்கியவனின் தாய்க்கும், வேடிக்கை பார்க்கிற ஊருக்கும் கட்டுப்படியாகிற ஒரே தண்டனை அதுதான் என்று ஆகிவிட்டது.

ஆனால் அது எதையும் முடிக்கவில்லை. நாலாம் நாள் விழுந்த கல்லை உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். (கல்லை எறிந்தது அந்த மூன்று பேர்தான் என்று நீங்கள் எழுதவில்லை. நானும் அப்படி வைத்துக்கொள்ளவில்லை. ஊர் ஏற்கெனவே தீர்ப்பு எழுதியிருக்கும் என்பது வேறு கதை.)

சரி, சட்டத்துக்கு வருவோம். "பொடியளின் அட்டகாசம்" என்று ஒரே மூட்டையாகக் கட்டியிருப்பதை முதலில் அவிழ்க்க வேண்டும். அதற்குள் ஐந்து விடயம் இருக்கிறது. ஐந்துக்கும் ஒரே மருந்து இல்லை.

சந்தியில் கூடி நிற்பது குற்றமே இல்லை. மதகில் இருந்து கதைப்பதும் குற்றமில்லை. நானும் நீங்களும் இருந்த மதகுகள்தான் அவை. வீதியில் திரிபவரைப் பிடிக்க 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இன்னமும் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. முகம் பிடிக்காதவனைப் பிடிக்க வசதியாக இருப்பதால் அது இன்னும் உயிரோடு இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். நிற்பது தொந்தரவு என்று நீங்கள் முறையிட்டால், நல்ல பொறுப்பதிகாரி "அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது மாஸ்ரர்" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் கோபப்படாதீர்கள்.

குடித்துவிட்டுப் பொது இடத்தில் மற்றவருக்குத் தொந்தரவாக நடந்தால் அது குற்றம். தண்டனைச் சட்டக்கோவையின் 488ஆம் பிரிவு. குடித்திருப்பதோடு தொந்தரவும் சேர வேண்டும். சின்னக் குற்றம்தான், ஆனால் இதில் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: பியரை அவர்களுக்கு விற்றது யார்? 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுபானம் விற்கக்கூடாது. உங்கள் ஏழெட்டுப் பேரில் பாதிப் பேராவது அந்த வயதுக்குள்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். மதகில் இருக்கிற பொடியனை அறைய இரண்டு உத்தியோகத்தர் வரலாம் என்றால், அவனுக்குப் போத்தலைக் கொடுத்த கடைக்கு ஏன் ஒருவரும் போவதில்லை? இதை ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கலாம்.

மோட்டார் சைக்கிள் போக்குவரத்துப் பொலிஸின் வேலை. அதற்கு மோட்டார் வாகனச் சட்டம் போதும். வாகனத்தைப் பார்க்கட்டும், குறையை எழுதட்டும், சைலன்சரைத் திரும்பப் பூட்டிக்கொண்டு வரச் சொல்லட்டும். அதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

பெண் பிள்ளைகளுக்கு "ஏதாவது சொல்வது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வசனத்தில்தான் நான் நின்றுவிட்டேன். உங்கள் பட்டியலில் அது சைலன்சருக்குப் பிறகு வருகிறது. சட்டத்தில் அது எல்லாவற்றுக்கும் முதல் வர வேண்டியது. பாலியல் தொல்லை தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு. வார்த்தையால் செய்வதும் அதற்குள் வரும், ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை உண்டு. இதைச் சின்ன விடயம் என்ற மூட்டைக்குள் போட்டுக் கட்டினால், பிறகு பொலிஸும் அப்படியே கட்டி வைத்துவிடும். என்ன சொன்னார்கள், யார் சொன்னது, எந்த நாள், எத்தனை மணிக்கு என்று அந்தப் பிள்ளைகளிடம் வீட்டில் உள்ள பெண்கள் யாராவது ஆறுதலாகக் கேட்டு எழுதட்டும். முறைப்பாடு செய்வதா இல்லையா என்பதை அந்தப் பிள்ளையும் பெற்றோரும் முடிவு செய்யட்டும். ஊர் கூடி முடிவு செய்ய வேண்டாம். முறைப்பாடு செய்தால், பெண் உத்தியோகத்தர் முன்னால் வாக்குமூலம் கொடுக்கக் கேளுங்கள். "சமாதானமாப் போங்கோ" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஐந்தாவது கல்லெறி. அது சொத்துக்குச் சேதம். தனி முறைப்பாடு, தனி இலக்கம்.

இனி, பொலிஸ் என்ன செய்திருக்க வேண்டும் என்ற கேள்வி. முதல் இரவு வந்து கலைத்துவிட்டுப் போனதைக் குறை சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். எனக்கு அதுவும் குறைதான். கலைப்பது காகத்துக்குக் கல் எறிகிற மாதிரி, ஜீப் திரும்பியவுடன் வந்து இருக்கும். அந்த இரவில் செய்யக்கூடியது அரை மணி நேர வேலை. பெயர், விலாசம் கேட்டு எழுதுவது. ஏன் வந்தோம் என்று சொல்வது. எது குற்றம், எது இல்லை என்று விளங்கப்படுத்துவது. அடுத்த முறை நடந்தால் நீதிமன்றம்தான் என்று சொல்லி, நிலையத்துக்குத் திரும்பியதும் புத்தகத்தில் பதிவது. பெயர் எழுதப்பட்டுவிட்டது என்று தெரிந்த பொடியன் வேறு மாதிரி நடப்பான், இதை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். அடிக்கு ஒருவன் பழகிக்கொள்ளலாம். தன் பெயர் ஒரு தாளில் இருக்கிறது என்பது அவ்வளவு லேசில் பழகாது.

இரண்டாம் இரவு கைது தேவைப்பட்டதா? இருக்கலாம். பொலிஸ் உத்தியோகத்தரின் கண் முன்னால் ஒருவர் சமாதானத்தைக் குலைத்தால் பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம். 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 32ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஆனால் கைது என்றால் அது கைதாக இருக்க வேண்டும். காரணம் சொல்ல வேண்டும், பதிய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும், அல்லது பிணை கொடுக்கக்கூடிய குற்றமென்றால் பொலிஸ் பிணையில் விட வேண்டும். கைதே இல்லாமல் நீதிமன்றத்தில் வழக்கைத் தாக்கல் செய்து அழைப்பாணை அனுப்பவும் வழி இருக்கிறது. விலாசம் தெரிந்த, ஊரை விட்டு ஓடாத ஒரு பொடியனுக்கு அதுவே போதும். "சும்மா ஸ்டேசனுக்கு வா" என்று கூட்டிக்கொண்டு போய், பதியாமல் பதினொரு மணி வரை வைத்திருப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. அது விசாரணையும் இல்லை, கைதும் இல்லை.

கன்னத்தில் விழுந்த அந்த அறையும் அப்படித்தான். சித்திரவதையைத் தடுக்கிற அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையில் "சின்ன அடி" என்று விதிவிலக்கு ஒன்றும் எழுதப்படவில்லை. நான் இதைப் பெரிதாக்குவதாக உங்கள் சபையில் சிலர் சொல்வார்கள். 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸார் கைது செய்த இளைஞர் ஒருவர் இறந்தார். பிடித்தது ஒரு களவுச் சந்தேகத்தில். மரண விசாரணை யாழ்ப்பாணம் நீதவான் முன் நடந்தது, பொலிஸ் உத்தியோகத்தர்கள் கைதானார்கள். "இரண்டு அடி" என்று ஊர் அனுமதி கொடுத்தால், மூன்றாவது அடியை எண்ண அந்த அறைக்குள் யார் நிற்கப் போகிறார்கள்?

பொலிஸ் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். இரவுக் கடமையில் ஜீப்பில் வருகிற இரண்டு பேரில் ஒருவருக்குத் தமிழ் தெரியாது, மற்றவருக்கு அரைகுறை. ஊருக்கு மாற்றலாகி வந்து நாலு மாதம். நல்லூர்த் திருவிழா என்றால் இருபத்தைந்து நாளும் ஆட்களை அங்கே இழுத்துவிடுவார்கள். விளங்கப்படுத்திச் சொல்ல மொழியும் நேரமும் இல்லாதவருக்குக் கைதான் முதலில் ஓங்கும். இது அவரை நியாயப்படுத்தாது, ஆனால் நீங்கள் எங்கே பிடித்து அசைக்க வேண்டும் என்று காட்டும். வடக்கில் தமிழ்தான் நிர்வாக மொழி, நீதிமன்ற மொழியும் தமிழ்தான். உங்கள் முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்வது உங்கள் உரிமை. சிங்களத்தில் எழுதி "சைன் பண்ணுங்கோ" என்று நீட்டினால், வாசித்துக் காட்டித் தமிழில் சொல்லும் வரை பேனையை எடுக்காதீர்கள்.

உங்கள் மருமகன் சொன்னது சரிதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2001ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, குடித்துவிட்டு ஒழுங்கீனமாக நடந்தால் பொலிஸ் அங்கேயே தண்டத் துண்டு எழுதலாம். 90 பவுண். கட்டினால் அதோடு முடிந்தது, அது குற்றவாளித் தீர்ப்பாக ஆகாது. எங்களிடம் அப்படியான துண்டு வீதிப் போக்குவரத்துக்குத்தான் இருக்கிறது, தபால் கந்தோரில் கட்டுகிறோமே, அது. மதகில் குடிப்பதற்கு அதை நீட்ட வேண்டும் என்று கேட்பீர்களானால், நான் கொஞ்சம் தயங்குவேன். வீதியில் எழுதுகிற துண்டுக்கு வீதியிலேயே பேரம் பேசுவதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம் அல்லவா.

ஆனால் துண்டு இல்லாவிட்டாலும், வாழ்க்கையைக் கெடுக்காத வழிகள் எங்கள் சட்டத்திலும் இருக்கின்றன. தாய்மாருக்கு இதை யாரும் சொல்வதில்லை, அதனால்தான் அடியைக் கேட்கிறார்கள். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவைப் பாருங்கள். குற்றம் நிரூபணமானாலும், ஆளின் வயது, முன்நடத்தை, குற்றத்தின் சிறுமை இவற்றைப் பார்த்து, குற்றவாளித் தீர்ப்பு எழுதாமலே எச்சரித்தோ நிபந்தனையோடோ நீதவான் விடுவிக்கலாம். முதல் தடவை அகப்பட்ட பொடியன்களுக்கு நாங்கள் இதைத்தான் கேட்டு மன்றாடுவோம். பல தடவை கிடைத்துமிருக்கிறது. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளையும் உண்டு, சிறைக்குப் பதிலாகச் சம்பளமில்லாத பொது வேலை. வழக்கு நடக்கும்போது வெளிநாட்டுப் பத்திரங்களில் கேள்வி வரும் என்ற பயம் முழுக்கப் பொய்யில்லை. அதற்காகத்தான் இப்படியான வழக்கைப் பொலிஸ் இழுத்தடிக்காமல் ஒரே தவணையில் முடிக்கப் பார்க்க வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொள்கிற பொடியனை மூன்று தவணை அலையவிடுவதும் ஒரு அடிதான்.

உடைந்த கண்ணாடிக்கு மத்தியஸ்த சபை நல்ல இடம். பழைய ஆட்கள் இன்னமும் இணக்கசபை என்பார்கள். சிறு காயம், சிறு சேதம், அவமதிப்பு போன்றவற்றை 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம் அங்கே அனுப்புகிறது. பெரும்பாலும் வார இறுதியில் ஏதாவது பாடசாலையில் கூடுவார்கள். சட்டத்தரணிமார் அங்கே ஆஜராக முடியாது. அதுவே அங்கே அலுவல் கெதியாக முடிவதற்குக் காரணம் என்று என் மனைவி சொல்வாள். எறிந்தவன் யாரென்று தெரிந்தால், கண்ணாடிக் காசும் ஒரு மன்னிப்பும் கேளுங்கள். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

இவையெல்லாம் செய்தும் அடங்காமல், கைகலப்பு வரும் போலத் தெரிந்தால், அப்போதுதான் அதே குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 81ஆம் பிரிவு. சமாதானத்தைக் காப்பேன் என்று பிணைமுறி எழுதித் தரும்படி நீதவான் கட்டளையிடலாம். பொலிஸ் அதற்கு நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். அறிக்கைக்கு அடிப்படை வேண்டும். அடிப்படை என்பது முன்பு பதியப்பட்ட முறைப்பாடுகள். உங்கள் விடயத்தில் 119-க்கு இரண்டு அழைப்பு, ஒரு ஜீப் பயணம், மூன்று கன்னம், இவ்வளவு நடந்தும் புத்தகத்தில் காட்ட ஒரு வரி இல்லை.

நீங்கள் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். சனசமூக நிலையத்தின் பெயரில் ஒரு கடிதம் எழுதுங்கள். பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்குக் கடிதம், அதன் பிரதி ஒன்று உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கு. நாள், நேரம், நடந்தது மட்டும். "சமூகச் சீரழிவு", "கலாசாரம்" போன்ற சொற்களைத் தொடாதீர்கள், அவை வழக்குக்கு உதவா. விதானையாரையும் (கிராம அலுவலர்) சிவில் பாதுகாப்புக் குழுவையும் கூப்பிட்டுக் கூட்டம் வையுங்கள், ஆனால் அந்தப் பொடியளின் தகப்பன்மாரில் இரண்டு பேராவது அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும். கொடுக்கிற ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் இலக்கமும் தேதியும் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால், மறுத்தவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துத் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

கூட்டத்தில் ஒரு பொடியன் எழும்பிக் கோயில் ஒலிபெருக்கியைப் பற்றிக் கேட்டால் தயாராக இருங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி கொடுக்கக்கூடாது என்று 2007ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் சொன்னது. உங்கள் ஊர்க் கோயிலில் அதிகாலை எத்தனை மணிக்குப் பாட்டுப் போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. என் ஊரில் நாலரைக்கு.

கடைசியாக, அவசரமான ஒன்று. அந்த மூன்று பொடியளும் உங்களுக்குப் பிடிக்காதவர்களாக இருக்கலாம். ஆனால் அவர்களை ஜீப்பில் ஏற்றியதைக் கண்ட சாட்சி நீங்கள்தான். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் தவணை. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. போவதா விடுவதா என்பது அவர்கள் விருப்பம், ஆனால் தெரியாமல் விடக்கூடாது. நீங்கள் கடிதம் எழுதிய அன்றைக்கே பன்னிரண்டு நாள் போய்விட்டது. இந்தப் பதில் வெளிவர இன்னும் ஒரு கிழமை ஆகும் என்பதால், இந்தப் பந்தியை மட்டும் தனியே எழுதி உங்களுக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கிடைத்த அன்றே அந்தத் தாய்மாரிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள்.